வீட்டுத் தோட்டத்தில் கணவன், மனைவி கருத்து வேறுபாடு: எதை எப்படித் தீர்ப்பது?

வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் பூச்சி, நோய், தண்ணீர்ப் பற்றாக்குறை பற்றித்தான் அதிகம் ஆலோசனை கேட்பார்கள். ஆனால் ஆசையாகத் தொடங்கிய தோட்டம் பாதியில் நின்றுபோக இன்னொரு காரணமும் உண்டு. ஒருவர் தண்ணீர் ஊற்றிய செடிக்கு மற்றவரும் ஊற்றுவார். ஒருவர் பார்த்துப் பார்த்து வளர்த்த கிளையை மற்றவர் வெட்டிவிடுவார். நான்கு முறை வாக்குவாதம் வந்தபின், "இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் ஒதுங்கிவிடுவார். மற்றவரால் தனியாகச் சமாளிக்க முடியாது.

தோட்டத்தில் வரும் கருத்து வேறுபாடுகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வகை, மண்ணையும் செடியையும் சோதித்தாலே விடை தெரிந்துவிடுபவை. இரண்டாவது, விருப்பமும் வேலைப் பங்கீடும் சார்ந்தவை. மூன்றாவது, செய்துவிட்டால் திருத்த முடியாதவை. முதல் வகைக்கு வாக்குவாதமே தேவையில்லை. இரண்டாவது வகையை விட்டுக்கொடுத்துத் தீர்க்க வேண்டும். மூன்றாவது வகையில் இருவரும் சம்மதிக்காமல் கை வைக்கக்கூடாது.

தண்ணீர்: தினமுமா, தேவைக்கா?

செடி வாடினால் உடனே தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஆனால் தண்ணீர் குறைந்தாலும் செடி வாடும், கூடினாலும் வாடும். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. வேர் அழுகத் தொடங்கியதும் ஈர மண்ணில் நின்றபடியே செடி துவளும், அடி இலைகள் மஞ்சளாகும். அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றினால் செடி போய்விடும்.

சோதனை எளிது. விரலை இரண்டு கணு அளவு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடித் துளை வழியே சிறிது நீர் வடியும் வரை ஊற்றுங்கள். உச்சி வெயிலில் வாடி, மாலையில் தானாக நிமிரும் செடிக்குப் பெரும்பாலும் தண்ணீர்க் குறை இல்லை. காலையிலும் வாடியே இருந்தால்தான் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பல வீடுகளில் பிரச்சினை அளவில் இல்லை, இருவரும் ஊற்றுவதில் இருக்கிறது. "ஏங்க, நான் காலையிலேயே ஊத்திட்டேனே" என்பது மாலையில்தான் தெரியும். பூவாளியின் கைப்பிடியில் ஒரு சிறு கயிற்றைக் கட்டிவையுங்கள். காலையில் ஊற்றியவர் அதை அவிழ்த்துக் குழாயில் மாட்டிவிட்டால் மற்றவருக்குத் தெரிந்துவிடும். ஒருநாள் காயப்போட்டு மறுநாள் நிறைய ஊற்றுவதும் கூடாது. ஈரம் இப்படி ஏறி இறங்கினால் வேர் எடுக்கும் கால்சியம் காய்க்குச் சரியாகப் போய்ச் சேராது. தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்துப்போவது இதனால்தான்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளில் நீர் தேங்க விடாதீர்கள். டெங்கு பரப்பும் கொசு இப்படிப்பட்ட நீரில்தான் முட்டையிடும். வாரம் ஒரு முறையாவது தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

பூச்சி: மருந்து அடிப்பதா, காத்திருப்பதா?

வீட்டுத் தோட்டத்தில் வரும் வாக்குவாதங்களில் இதுதான் உடல்நலத்தைத் தொடுவது. ஒருவர் காலையில் மருந்து அடித்துவிட்டு வேலைக்குப் போகிறார். அது தெரியாமல் மற்றவர் மதியச் சமையலுக்கு அதே செடியில் கறிவேப்பிலை பறிக்கிறார். எதை அடிப்பது என்பதில் இருவருக்கும் வேறு கருத்து இருக்கலாம். அடித்ததைச் சொல்லாமல் இருப்பது மட்டும் கூடவே கூடாது.

இருவரும் இந்த வரிசையை ஒப்புக்கொண்டால் பெரும்பாலான சிக்கல் தீரும்.

முதலில், பூச்சி என்ன என்று பாருங்கள். பொறிவண்டும் அதன் புழுவும் அசுவினியைத் தின்பவை. ஒரு வகைப் பொறிவண்டின் புழு மாவுப்பூச்சி போலவே வெள்ளையாக, பஞ்சு ஒட்டியதுபோல இருக்கும். பலர் அதையும் பூச்சி என்று நினைத்துக் கொன்றுவிடுகிறார்கள்.

அடுத்து, கையால் தீருமா என்று பாருங்கள். செம்பருத்தியில் உள்ள மாவுப்பூச்சி, அவரையில் உள்ள அசுவினி ஆகியவற்றை வேகமாகத் தண்ணீர் பீய்ச்சியே பெருமளவு அகற்றலாம். அதிகம் தாக்கிய கொழுந்தைக் கிள்ளி எடுத்துவிடலாம்.

அதற்கும் அடங்காவிட்டால் வேம்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் சேர்த்து, பால்போல வரும்வரை கலக்கி, மாலையில் இலையின் அடிப்புறமும் நனையத் தெளியுங்கள். 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலும் பயன்படுத்தலாம். இதற்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிடுங்கள். மறுநாள் வடிகட்டி, ஒரு லிட்டராக்கி, சோப்புக் கரைசல் சேர்த்து அன்றே தெளித்துவிடுங்கள்.

கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினாவுக்கு ரசாயன மருந்தே வேண்டாம். இலையையே சாப்பிடுகிறோம், அடிக்கடியும் பறிக்கிறோம். மற்ற செடிகளுக்கு ஒருவர் ரசாயன மருந்துதான் வேண்டும் என்றால், அந்தப் பயிருக்குப் பரிந்துரைக்கப்பட்டதா என்று உறையில் பார்க்க வேண்டும். தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் உறையில் இருக்கும். உறையில் உள்ள முக்கோணத்தின் நிறம் நச்சின் அளவைக் காட்டும். சிவப்பு மிகக் கடுமையானது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை எனக் குறைந்துகொண்டே போகும். மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த நம் நாட்டில் தடை உள்ளது. ஊரில் வயலுக்கு வாங்கியதில் மீதி இருக்கிறது என்று எடுத்து வந்து மாடித்தோட்டத்தில் அடிக்கக்கூடாது. மீதி மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது உயிருக்கே ஆபத்து.

எதைத் தெளித்தாலும் தேதியும் மருந்தின் பெயரும் எழுதிய அட்டையைச் செடியில் கட்டிவிடுங்கள். பறிக்கலாம் என்ற நாள் வந்தபின்தான் அட்டையை அவிழ்க்க வேண்டும்.

"காத்திருந்தால் செடி போய்விடும்" என்று சொல்பவருக்கு ஓர் உதாரணம். 2008ஆம் ஆண்டு கோவையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எனப் பரவியது. மருந்தடித்தும் கட்டுப்படவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின. கண்டபடி மருந்து அடித்தால் இத்தகைய நன்மை செய்யும் பூச்சிகள்தான் முதலில் சாகும்.

உரம்: யூரியாவா, தொழுவுரமா?

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. இலை பச்சையாகி, செடி மளமளவென்று வளர்வது உண்மை. அளவு மீறினால் தழை மட்டும் பெருகிப் பூ குறையும், இளந்தழையில் அசுவினி கூடும். சிறிய பையில் வேர் கருகவும் செய்யும். தொழுவுரமும் மண்புழு உரமும் மெதுவாகத்தான் சத்துக் கொடுக்கும். ஆனால் மண்ணைப் பொலபொலப்பாக வைத்திருக்கும்.

இருவரும் தங்கள் கருத்தில் உறுதியாக இருந்தால் தோட்டத்திலேயே சோதித்துப் பாருங்கள். ஒரே ரகம், ஒரே வயதுள்ள நான்கு கத்தரிக் கன்றுகளை, ஒரே மண் கலவை, ஒரே அளவுப் பை, ஒரே வெயிலில் வையுங்கள். இரண்டுக்கு ஒருவர் முறை, இரண்டுக்கு மற்றவர் முறை. பறிக்கும்போதெல்லாம் சமையலறைத் தராசில் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். மூன்று நான்கு மாதத்தில் உங்கள் வீட்டு வெயிலுக்கும் மண்ணுக்கும் எது ஒத்துவருகிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஒரே செடிக்கு இருவரும் மாறிமாறி உரம் போட்டால் பலன் எதனால் வந்தது என்று சொல்லவே முடியாது.

கவாத்து: வெட்டுவதா, விடுவதா?

"செடியை மொட்டையடித்துவிட்டார்" என்ற வருத்தம் அடிக்கடி வருவது. எந்தச் செடியை எப்போது வெட்ட வேண்டும் என்பது தெரிந்தால் அது பாதியாகக் குறையும்.

செடி முருங்கை: 75 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். காய்ப்பு முடிந்தபின் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிவிட்டால் மறுபடி தழைத்துக் காய்க்கும். வெட்டாமல் விட்டால் காய் எட்டாது, காற்றிலும் கிளை முறியும்.

குண்டுமல்லி: நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்ய வேண்டும். புதுத் தளிரில்தான் மொட்டு வரும் என்பதால், வெட்டப் பயந்தால் பூவும் குறையும்.

கறிவேப்பிலை: ஓரளவு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும். தனித்தனி ஈர்க்காக உருவாமல் சிறு கிளையாக ஒடித்து எடுப்பது நல்லது.

பூவும் பிஞ்சுமாக இருக்கும் செடியில், காய்ந்ததும் நோயுற்றதும் தவிர வேறு எதையும் வெட்ட வேண்டாம்.

மூடாக்கா, பெருக்கிய தரையா?

காய்ந்த இலையைச் செடியடியில் பரப்பினால் ஈரம் காக்கும், களை குறையும், மக்கி உரமாகும். ஆனால் வாசலையும் கொல்லையையும் தினமும் பெருக்கிப் பழகியவருக்கு அது குப்பையாகத்தான் தெரியும். அந்த எண்ணத்திலும் நியாயம் உண்டு. சுவரோரம் சருகு குவிந்தால் எலி வரும், பின்னால் பாம்பும் வரலாம். எனவே பாத்திக்குள்ளும் பைக்குள்ளும் மட்டும் இரண்டு அங்குலக் கனத்துக்கு, தண்டைத் தொடாமல் மூடாக்கு போடுங்கள். நடைபாதையும் சுவரை ஒட்டிய பகுதியும் சுத்தமாக இருக்கட்டும். மீதிச் சருகை மக்கு தொட்டியில் போடலாம். எரிக்க வேண்டாம்.

பூவா, காயா?

இது விருப்பம் சார்ந்தது. ஆனாலும் முதலில் வெயிலைப் பாருங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டைக்குத் தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரைகளும் புதினாவும் அதைவிடக் குறைந்த வெயிலிலும் வரும். வெயில் இல்லாத மூலைக்காகச் சண்டை போட்டு அங்கே தக்காளி வைத்தால் யாருக்கும் பயன் இல்லை.

இருவருக்கும் பொதுவான பயிரும் உண்டு. தக்காளிக்கு ஓரத்தில் செண்டுமல்லி வைத்தால், காய்ப்புழுவின் அந்துப்பூச்சி செண்டுமல்லியை நாடி முட்டையிடும். வயல்களில் பொறிப்பயிராக வைப்பது இதற்காகத்தான். இரண்டும் ஒரே நேரத்தில் பூக்க, 45 நாள் வயதுள்ள செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் சேர்த்து நடுங்கள். செண்டுமல்லி மொட்டில் புழு இருந்தால் கிள்ளி அழித்துவிட வேண்டும்.

வேலையை யார் செய்வது?

பல நேரங்களில் உண்மையான மனக்குறை இங்கேதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குப் போய்ப் பத்துக் கன்று வாங்கி வருபவர் ஒருவர். மீதி நாட்கள் தண்ணீர் ஊற்றி, களை எடுத்து, விழுந்த கொடியைக் கட்டுபவர் மற்றவர். செடி பட்டுப்போனால் திட்டு வாங்குபவரும் அவரே. "நான் வாங்கித்தானே தருகிறேன்" என்ற பதில் அவருக்கு ஆறுதல் தராது.

வேலையைப் பிரிப்பதைவிடப் பாத்தியைப் பிரிப்பது நல்லது. இந்த வரிசை உங்களுடையது, அந்த வரிசை அவருடையது. விதைப்பது முதல் பறிப்பது வரை முழுப் பொறுப்பும் முழு உரிமையும் அவரவருக்கே. கேட்காமல் அடுத்தவர் பாத்தியில் கை வைக்கக்கூடாது. பொதுவாக இருக்கும் செடிகளுக்கு, தினமும் கவனிப்பவரின் சொல்லே முதலில் நிற்க வேண்டும். புதுக் கன்று வாங்குவதற்கு முன், "இதற்கு யார் தண்ணீர் ஊற்றுவது?" என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும்.

திருத்த முடியாதவை

மரத்தை வெட்டுவது, மண் தரைக்கு சிமென்ட் போடுவது, களைக்கொல்லி அடிப்பது ஆகிய மூன்றையும் ஒருவர் மட்டும் முடிவு செய்யக்கூடாது. காய்க்கவில்லை என்று எலுமிச்சையை வெட்டச் சொல்பவர் உண்டு. விதையிலிருந்து வளர்ந்த கன்று காய்க்க நான்கைந்து ஆண்டு ஆகலாம். நிழலில் இருந்தாலும், தழைச்சத்து கூடினாலும் காய்ப்பு தள்ளிப்போகும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, ஒரு பருவம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்தக் கன்றை வைத்தவர் யார், எதற்காக வைத்தார் என்பதையும் கேளுங்கள். வெட்டிய மரத்தைப் பற்றிய வருத்தம் பல வருடம் இருக்கும்.

இருவரும் ஒத்துப்போகவே முடியாவிட்டால் மூன்றாவது கருத்து கேட்பதில் தவறில்லை. பாதித்த இலையை ஒரு பாலித்தீன் பையில் போட்டு அருகிலுள்ள தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ எடுத்துச் செல்லுங்கள். 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் உதவி எண்ணிலும் தமிழிலேயே கேட்கலாம். முடிந்தால் இருவரும் சேர்ந்தே கேளுங்கள். ஒருவர் மட்டும் கேட்டு வந்து சொன்னால், அது இன்னொரு வாக்குவாதமாகிவிடும்.