நியாயவாதி இராமநாதன்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களைத் தமிழர் பலர் கல்லூரி நிறுவியவராகவும் கோயில் திருப்பணி செய்தவராகவுமே நினைவுகூருவர். ஆயினும், அவரது பொதுவாழ்வை ஆட்கொண்டு நின்றது நீதிமன்றத்திற் பெற்ற பயிற்சியே. அவரது பெருமையும் குறையும் அங்கிருந்தே பிறந்தன.

1851 இல் கொழும்பிற் பிறந்த இராமநாதன், சேர் றிச்சட் மோகனிடம் சட்டம் பயின்று அப்புக்காத்தானார். 1879 இல் தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி காலமானபோது, அவரது இடத்திற்கு, 28 வயதிலேயே சட்டநிரூபண சபையில் நியமனம் பெற்றார். 1886 இல் இலண்டன் இன்னர் டெம்பிள் சட்டச் சங்கம் அவரைப் பாரிஸ்டராக ஏற்றது. பின்னர் பதினான்கு ஆண்டுகள் சொலிசிட்டர் ஜெனரலாக அரசின் பக்கம் நின்று வாதாடினார்.

1911 இல், படித்த இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட ஒரேயொரு ஆசனத்திற்கு அவர் தெரிவானார். வாக்காளர் தொகை ஏறத்தாழ மூவாயிரம். அவருட் பெரும்பாலார் சிங்களவர். தமிழர் ஒருவரை அவர்கள் தெரிந்தது இன ஒற்றுமையின் பயன் என்பர். எதிர்த்து நின்ற டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவின் சாதியும் அத்தெரிவிற் பங்கு கொண்டது என்பதை மறைத்தல் முறையன்று.

1915 மே 28 ஆந் திகதி கண்டியில் மூண்ட கலகம் விரைவிற் பல மாகாணங்களுக்கும் பரவியது. அரச கணக்கின்படி சோனகர் 25 பேர் உயிரிழந்தனர். நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. ஜூன் 2 இல் தேசாதிபதி சால்மர்ஸ் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். கலகம் சில நாட்களில் ஓய்ந்தது. சட்டமோ ஆகஸ்டு 30 வரை நீடித்தது. சேனநாயக்க சகோதரர் முதலான சிங்களத் தலைவர்கள் சிறையிலிடப்பட்டனர். ஹென்றி பெட்ரிஸ் என்னும் இளைஞர், கலகம் அடங்கிச் சில வாரங்களின் பின், ஜூலை 7 இற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சபையிலே இராமநாதன் எழுந்து வாதாடினார். கலகக்காரர் அரசருக்கு எதிராகப் படை திரட்டினார்களா? இல்லை. நாட்டு நீதிமன்றங்கள் மூடப்பட்டனவா? இல்லை. அவ்வாறாயின் இராணுவ மன்றம் எந்த அதிகாரத்தாற் கொலைத்தண்டனை விதித்தது? அவருடைய நியாயங்களின் சாரம் இதுவே. உலகப்போர் நடந்துகொண்டிருந்த வேளையிற் கடல் கடந்து இங்கிலாந்து சென்று முறையிட்டார். 1916 இல் தம் வாதங்களை நூலாகவும் வெளியிட்டார். சால்மர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். நாடு திரும்பிய இராமநாதனைச் சிங்கள மக்கள் வண்டியில் ஏற்றித் தாமே இழுத்துச் சென்றனர்.

ஆனால் வழக்கில் இன்னொரு தரப்பும் இருந்தது. கடையும் உறவும் இழந்த சோனகருக்கு, அச்சபையின் மிகச் சிறந்த நா தம் பக்கம் பேசாதது ஆறாத மனக்குறையாயிற்று. அவர்கள் இனத்தால் தமிழரே என 1880களில் இராமநாதன் கூறியதை அவர்கள் அதற்கு முன்பே மறுத்திருந்தனர். கட்சிக்காரருக்காக முழுவன்மையுடன் வாதாடுவது நியாயவாதியின் கடமை. மக்கள் தலைவனுக்கு அது மட்டும் போதாது.

டொனமூர் ஆணைக்குழு 1928 இற் சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது இக்குறை நன்கு தெரிந்தது. கல்வியும் சொத்தும் இல்லாதார் கையில் வாக்கு ஆபத்தானது என்று அவர் எதிர்த்தார். சிறுபான்மையோர் நிலை பற்றிய அச்சமும் அவருக்கு இருந்தது. அந்த அச்சத்தைக் காலம் பொய்ப்பிக்கவில்லை. ஆயினும், 1913 இல் மருதனார்மடத்திற் பெண்களுக்கென உயர்ந்த கல்லூரி அமைத்தவர், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்றதை விளக்குவது எளிதன்று. 1930 இல், எழுபத்தொன்பதாம் வயதில், அத்திட்டத்திற்கு எதிராக இங்கிலாந்து சென்று வாதாடித் திரும்பினார். நவம்பர் 26 இற் காலமானார்.

1931 ஜூனில் நாடு முதன்முதலாகச் சர்வசன வாக்களித்தது. இளைஞர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளில் எவரும் வேட்புமனு கொடுக்கவில்லை. 1934 இல் அவ்விடங்கள் நிரப்பப்பட்டபோது, இராமநாதன் எதிர்த்த அதே வாக்குரிமையின் கீழ்க் காங்கேசன்துறைக்குத் தெரிவானவர் அவருடைய மருமகன் சு. நடேசன்.