கேள்வியும் கணக்கும்: கல்வி ஆய்வு வரலாற்றில் சில பாடங்கள்

நம் சமுதாய மேடைகளில் ‘முஸ்லிம்கள் கல்வியில் பின்தங்கியிருக்கிறார்கள்’ என்ற வாக்கியம் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அது உண்மையா, பொய்யா என்று வாதிடுவதற்கு முன்னால் நாம் கேட்டாக வேண்டிய நான்கு கேள்விகள் உள்ளன. கல்வி என்று எதைக் குறிப்பிடுகிறோம்? யாரோடு ஒப்பிடுகிறோம்? எந்த வட்டாரத்தில்? எந்தக் காலத்தில்? இவற்றுக்கு விடை சொல்லாத வரையில் அந்த வாக்கியம் ஒரு புலம்பலாகவே நிற்கும். ஆய்வுக்குரிய வினாவாக மாறாது. கல்வியியலார் இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் வேறுபடும் பண்புகளை ‘மாறிகள்’ என்பர். அவற்றுள் விளைவாகக் கருதப்படுவது சார்பு மாறி. காரணமாகக் கருதப்படுவது சாரா மாறி. வினாவைக் கூர்மையாக்குவதும் மாறிகளை இனங்காண்பதும் மேல்நாட்டார் அண்மையில் கண்டுபிடித்த வித்தை என்று எண்ணுவோர் உண்டு. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

கி.பி. 1377இல் தம் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன், குழந்தைகளுக்குக் கல்வி புகட்டும் முறை முஸ்லிம் நாடுகளில் எவ்வாறு வேறுபடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். மஃக்ரிபில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஒன்றே கற்பிக்கப்பட்டது. அந்தலூஸில் அதனோடு கவிதை, உரைநடை, இலக்கணம், எழுத்துக்கலை ஆகியவையும் சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. முன்னவர்கள் மொழியாற்றலில் குறைந்திருப்பதற்கும் பின்னவர்கள் அதில் சிறந்திருப்பதற்கும் இந்தப் பாடத்திட்ட வேறுபாடே காரணம் என்பது அவர் கண்ட முடிவு. இன்றைய கலைச்சொல்லில் சொன்னால், பாடத்திட்டம் சாரா மாறி, மொழியாற்றல் சார்பு மாறி. எந்த நாட்டாரையும் பிறவியிலேயே மந்தமானவர் என்று அவர் ஒதுக்கவில்லை; மாற்றக்கூடிய ஒன்றிலேயே காரணத்தைத் தேடினார். நல்ல ஆய்வு வினாவின் முதல் இலக்கணம் இதுதான்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். முருகன் கோயிலால் பெயர்பெற்ற மலையூரான திருத்தணி, கல்வி ஆய்வாளருக்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்த ஊர் அது. சுதந்திர இந்தியாவின் முதல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு 1948-49இல் தலைமை தாங்கியவர் அவர். அவர் பிறந்தபோது அவ்வூர் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுள் சென்றது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்துக்குத் திரும்பிச் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊர் ஓரடியும் நகரவில்லை. அதைச் சுற்றி வரையப்பட்ட கோடுகளே நகர்ந்தன. ‘நூறாண்டில் இவ்வட்டாரத்தில் கல்வி எவ்வளவு வளர்ந்தது?’ என்று கேட்டு, ஒரு மாவட்டத்தின் பழைய எண்ணையும் இன்னொரு மாவட்டத்தின் புதிய எண்ணையும் அருகருகே வைப்பவர் உண்மையில் இரு வேறு நிலப்பரப்புகளை ஒப்பிடுகிறார். எந்த அலகை அளக்கிறோம் என்பதை முதலில் உறுதிசெய்யாத ஆய்வு அங்கேயே வழுக்கிவிடும்.

திருத்தணி அடங்கிய வட ஆர்க்காடு உள்ளிட்ட சென்னை மாகாணம் முழுவதிலும் கல்வி பற்றிய முதல் பெருங்கணக்கை எடுக்கச் செய்தவர் ஆளுநர் சர் தாமஸ் மன்றோ. 1822 ஜூன் 25ஆம் நாளிட்ட குறிப்பில், மக்களின் கல்வி நிலை பற்றிப் பலரும் ஊகமாகவே எழுதுகிறார்கள், உண்மையான பதிவு ஏதுமில்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். பள்ளிகள் எத்தனை, மாணவர் எத்தனை பேர், எத்தனை ஆண்டு பயில்கிறார்கள், என்ன நூல்களைப் படிக்கிறார்கள், கட்டணம் எவ்வளவு, மானியம் உண்டா என்று மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்கப்பட்டது. மாணவரைப் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முஸ்லிம்கள் என வகுத்து, ஆண் பெண் எனப் பிரித்து எழுதப் படிவமும் அனுப்பப்பட்டது.

1826 மார்ச்சில் மன்றோ தொகுத்த முடிவின்படி, 1,28,50,941 மக்களுக்குப் பள்ளிகளும் கல்லூரிகளுமாக 12,498. மாணவர் 1,88,650 பேர். மக்கள்தொகையில் ஏறத்தாழ 68 பேருக்கு ஒரு மாணவர். இந்த எண்ணோடு நிறுத்தியிருந்தால் நாடே கல்லாமையில் மூழ்கிக் கிடந்ததாகத் தோன்றியிருக்கும். மன்றோ அடுத்த கேள்விக்குச் சென்றார்: பள்ளிக்குச் செல்லும் வயதினர் எத்தனை பேர்? ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர்களை ஆண்களில் ஒன்பதில் ஒரு பங்கு எனக் கொண்டால் சுமார் 7,13,000. பள்ளியில் இருந்த சிறுவர் 1,84,110. அதாவது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வீட்டிலேயே கற்பவரையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என அவர் மதிப்பிட்டார். மாணவர் எண்ணிக்கை மாறவில்லை. எதனால் வகுத்தார் என்பதுதான் மாறியது. அதனாலேயே சித்திரமும் மாறியது.

வீட்டுக் கல்வி இன்னொரு சிக்கலையும் எழுப்பியது. சென்னை நகரில் வீட்டில் கற்போர் 26,963 பேர் என ஆட்சியர் தெரிவித்தார். பள்ளியில் பயின்றவர்களைப் போல இது ஐந்து மடங்கு. இவ்வெண்ணில் பிழை இருக்கலாம் என மன்றோ ஐயுற்றார். வீட்டுக்கு உஸ்தாதை வரவழைத்துப் பிள்ளைகளுக்கு ஓதக் கற்பித்த முஸ்லிம் குடும்பங்களின் வழக்கத்தை அறிந்த நமக்கு, ‘பள்ளி’ என்ற சொல்லுக்குள் எது அடங்கும் என்ற கேள்வியின் கனம் உடனே விளங்கும். முஸ்லிம்களைத் தனித்துக் காட்டிய பத்தி மற்றொரு வியப்பையும் தருகிறது. மாகாணமெங்கும் பள்ளி சென்ற சிறுமியர் மிகச் சிலரே. மலபாரிலோ 3,196 முஸ்லிம் சிறுவரோடு 1,122 முஸ்லிம் சிறுமியரும் பயின்றதாகப் பதிவாகியுள்ளது. பத்தி பிரிக்கப்படாதிருந்தால் இச்செய்தி நமக்குக் கிடைத்திருக்காது. எந்த மாறியைப் பதிவுசெய்வது என்ற முடிவே பிற்காலத்தார் எதை அறிய முடியும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

காரணத்தைத் தேடியவரும் அக்காலத்தில் இருந்தார். பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் எழுதிய அறிக்கையில், உள்நாட்டு நெசவுத்தொழில் நசிந்து மக்கள் வறுமையுற்றதே பள்ளிகள் குறைந்ததற்குக் காரணம் என்றார். மக்களின் அறியாமையையோ மதத்தையோ அவர் பழிக்கவில்லை.

ஒரே தரவு இரு முகாம்களுக்கு ஆயுதமாகும் என்பதற்குப் பிற்காலச் சான்று உண்டு. 1931 அக்டோபர் 20இல் இலண்டனில் பேசிய காந்தியடிகள், ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட இந்தியா கல்லாமையில் ஆழ்ந்துவிட்டது என்றார். சர் பிலிப் ஹார்டாக் அதை மறுத்து ஆதாரம் கேட்டார். வங்காளத்தில் ஒரு லட்சம் பள்ளிகள் இருந்ததாக வில்லியம் ஆடம் 1835இல் குறிப்பிட்டதும் இவ்விவாதத்தில் அடிபட்டது. கட்டடமுள்ள நிறுவனத்தை மட்டும் பள்ளி என்பதா, ஆசானும் சில பிள்ளைகளும் கூடுமிடமெல்லாம் பள்ளியா என்ற வரையறையைப் பொறுத்தே அந்த எண் நிற்கும் அல்லது விழும். தரம்பால் சென்னை மாகாணத்து ஆவணங்களைத் தொகுத்து 1983இல் வெளியிட்ட பின்னரே பலரும் மூலத் தரவுகளைக் கண்ணால் கண்டனர்.

முஸ்லிம்கள் குறித்த ஆய்வில் நேர்ந்த பெரும் வழு வேறு. டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் 1871இல் எழுதிய ‘இந்திய முஸ்லிம்கள்’ என்ற நூலின் செய்திகள் பெரும்பாலும் கீழ் வங்காளத்துக்கு உரியவை. அவரே அதைச் சொல்லியும் இருந்தார். ஆனால் நூலின் தலைப்பு இந்தியா முழுவதையும் அணைத்துக்கொண்டது. வங்காளத்து உழவருக்குச் சொன்னது காயல்பட்டினத்து வணிகருக்கும் ஆம்பூர்த் தோல் தொழிலாளருக்கும் பொருந்துமா என்று கேட்பார் இல்லாமல் போயிற்று.

2006 நவம்பரில் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை கையாண்ட 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி, நாட்டின் எழுத்தறிவு 64.8 விழுக்காடு; முஸ்லிம்களிடையே 59.1. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மாநில எழுத்தறிவு 73.5, முஸ்லிம்களிடையே 82.9. சமயமே காரணமென்றால் வடக்கே குறைத்தது தெற்கே கூட்டியது எப்படி? ஆனால் மகிழ்ந்து நின்றுவிடவும் கூடாது. தமிழக முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் நகரவாசிகள். மாநில மக்களிலோ நகரங்களில் வாழ்ந்தோர் அன்று 44 விழுக்காட்டினரே. நகரங்களில் பள்ளிகள் அருகில் இருக்கும், எழுத்தறிவும் மிகுந்திருக்கும். எனவே நகரத்தாரை நகரத்தாரோடும் சிற்றூராரைச் சிற்றூராரோடும் ஒப்பிட்ட பின்னரே எஞ்சும் வேறுபாட்டைச் சமுதாயத்தின் கணக்கில் எழுதலாம். பார்வைக்குத் தப்பி நின்று விளைவைக் குழப்பும் இத்தகைய மாறியே ஆய்வாளருக்குப் பெரும் சோதனை. மேலும், பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவரையே கணக்கெடுப்பு எழுத்தறிந்தவர் என ஏற்கிறது. அரபுத்தமிழ் நூல்களைச் சரளமாக வாசித்து, எழுதப் பழகாதிருந்த நம் பாட்டிமார் இந்த வரையறைக்கு வெளியே நின்றார்கள்.

இவ்வளவும் ஏன்? தவறாகக் கேட்ட கேள்வி தவறான திட்டத்தில் போய் முடியும். செலவாவது சமுதாயத்தின் பொருளும் பிள்ளைகளின் காலமும். தமிழும் தெலுங்கும் உருதும் கலந்து புழங்கும் வட எல்லை வட்டாரத்தில் ஆய்வு செய்ய விழையும் இளைஞர், ‘முஸ்லிம் பிள்ளைகள் ஏன் படிப்பதில்லை?’ என்று தொடங்க வேண்டாம். ‘பெற்றோரின் வருவாயும் கல்வியும் ஒத்திருக்கையில், வீட்டில் உருது பேசும் பிள்ளைகளில் தமிழ்வழியில் பயில்வோரும் உருதுவழியில் பயில்வோரும் பத்தாம் வகுப்பை முடிக்கும் விகிதத்தில் வேறுபடுகிறார்களா?’ என்று கேட்கட்டும். இதில் பயிற்றுமொழி சாரா மாறி. படிப்பை முடித்தல் சார்பு மாறி. வருவாயும் பெற்றோர் கல்வியும் கட்டுப்படுத்த வேண்டியவை. விடை எதுவாயினும் அதைக் கொண்டு ஒரு ஜமாஅத் செய்யத்தக்க செயல் ஒன்று கிட்டும்.

ஒரு செய்தி வந்தால் அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தது உண்டா என்று அடுக்கடுக்காக வினவிய ஹதீஸ் கலை அறிஞர்களின் வழித்தோன்றல்கள் நாம். நம்மைப் பற்றி நம்மிடமே சொல்லப்படும் எண்களையும் அதே கண்டிப்போடு விசாரிப்பது நமக்குப் புதிய பழக்கமாக இருக்கத் தேவையில்லை.