ஸ்பூனில் ஏறிய சூனியக்காரி!

டீ கலக்கும் சைஸில் ஒரு வெள்ளி ஸ்பூன். கைப்பிடியில் கூம்புத் தொப்பி போட்ட ஒரு கிழவி, கையில் துடைப்பம். கூடவே மூன்று குண்டூசிகளும் 'சேலம்' என்ற ஊர்ப் பெயரும். நம்ம மாம்பழ சேலம் இல்லை. அமெரிக்காவில், மாஸசூஸட்ஸ் மாநிலத்துத் துறைமுக ஊர். இந்தக் கிழவி ஸ்பூனுக்கு 1891 ஜனவரியில் டிரேட் மார்க்கே வாங்கினார்கள். அடுத்த சில வருஷங்களுக்கு அமெரிக்கா முழுக்க 'நினைவு ஸ்பூன்' பைத்தியம் பிடித்து ஆட்டியதில் இந்தக் கிழவிக்குப் பெரிய பங்கு உண்டு!

பிள்ளையார் சுழி போட்டவர் வேறு. ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதியாகப் பதவியேற்று நூறு வருஷமான 1889-ல், தலைநகரில் இருந்த கால்ட் நகைக்கடை அவர் முகத்தைப் பொறித்து ஒரு ஸ்பூன் வெளியிட்டது. சேலத்தில் நகைக்கடை வைத்திருந்த டேனியல் லோ, ஜெர்மனிக்குப் போனபோது இப்படிப்பட்ட ஸ்பூன்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். தன் ஊருக்கு எதைப் போடுவது? யோசிக்கவே வேண்டாம். சேலம் என்றாலே அமெரிக்கர்களுக்கு ஞாபகம் வருவது 1692-ம் வருஷ சூனியக்காரி வழக்குதான். அவருடைய மகன் டிசைன் போட்டுக் கொடுக்க, ஸ்பூன் தயார்!

விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. சீக்கிரமே பூனை, பிறைநிலா என்று அலங்காரம் கூட்டி இரண்டாவது டிசைனும் வந்தது. மற்ற ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? நீர்வீழ்ச்சி, கோர்ட் கட்டடம், செவ்விந்தியர் தலை என்று அவரவர் ஊர்ப் பெருமையை ஸ்பூனில் ஏற்றினார்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு மட்டும் எத்தனையோ விதமான ஸ்பூன்கள்! வாங்கியவர்கள், நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல, ஸ்பூன் குழியில் பெயரும் தேதியும் வெட்டிக்கொண்டார்கள். ஒரே டிசைனில் சிறிசு, பெரிசு, குழிக்குத் தங்க முலாம் பூசியது, பூசாதது என்று ஏகப்பட்ட வகைகள்.

அதனால்தான் விஷயம் தெரிந்த சேகரிப்பாளர் ஸ்பூனைக் கையில் எடுத்ததும் கிழவியைப் பார்ப்பதில்லை. முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்! உண்மை அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கிறது.

'ஸ்டெர்லிங்' என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. இங்கிலாந்தில் இதை அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைச்சாலை உரசிப் பார்த்துதான் முத்திரை போடும். நடக்கும் சிங்கம் என்றால் ஸ்டெர்லிங். நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம் நகரம். ஓர் எழுத்து என்றால் வருஷம். கூடவே செய்தவரின் இனிஷியல். அமெரிக்காவில் இப்படி ஏற்பாடு கிடையாது. கம்பெனிக்காரரே 'ஸ்டெர்லிங்' என்று குத்திக்கொள்வார். பொய் முத்திரை குத்தினால் தண்டனை என்று மத்திய அரசின் சட்டம் வந்ததே 1906-ல்தான்!

இதில் ஏமாறவும் இடம் உண்டு. ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிரபல கோரம் கம்பெனி போட்ட முத்திரை: சிங்கம், நங்கூரம், 'ஜி' எழுத்து. அவசரத்தில் பார்த்தால் பர்மிங்ஹாம் சரக்கு என்றே தோன்றும். இங்கிலாந்து சிங்கம் இடது பக்கம் பார்த்து நடக்கும். கோரம் சிங்கம் வலது பக்கம் பார்க்கும். அவ்வளவுதான் வித்தியாசம்!

சேலம் ஸ்பூனிலும் ஒரு சூட்சுமம். லோ விற்றவர்தான், செய்தவர் அல்ல. செய்தது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கான்கார்ட் நகரில் இருந்த டர்ஜின் கம்பெனி. ஆக, கடைக்காரர் பெயர் வேறு, பட்டறையின் அடையாளம் வேறு. 1905-ல் அந்த டர்ஜினையும் கோரம் வாங்கிவிட்டது. இதெல்லாம் தெரிந்தால்தான் ஒரு ஸ்பூனின் ஜாதகத்தைக் கணிக்க முடியும்.

சரி, வெள்ளியை உரசிப் பார்த்தாயிற்று. முன்பக்கம் இருக்கும் கிழவியை யார் உரசிப் பார்ப்பது?

1692-ல் சேலம் பகுதியில் சில சிறுமிகள் திடீரென்று வலிப்பு வந்ததுபோலத் துடித்தார்கள். யாரோ ஆவியாக வந்து கிள்ளுவதாக, ஊசியால் குத்துவதாகக் கதறினார்கள். ஸ்பூனில் இருக்கும் மூன்று குண்டூசிகள் அவைதான்! கோர்ட் ஆவணங்களோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்த அந்த ஊசிகளைப் பிற்காலத்தில் ஊர் சுற்ற வந்தவர்களுக்குக் காட்டினார்கள்.

நூற்றைம்பது பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள். 19 பேர் தூக்கில் தொங்கினார்கள். அதில் ஐந்து பேர் ஆண்கள். 71 வயது ரெபெக்கா நர்ஸ், ஊரே மதித்த பக்தை. ஜூரி முதலில் 'குற்றமற்றவர்' என்றது, மறுபடி யோசிக்கச் சொன்னார்கள், தூக்கு! வழக்காட மறுத்த முதியவர் கைல்ஸ் கோரியின் மேல் பாறாங்கற்களை அடுக்கியே கொன்றார்கள். நாலைந்து வயசுக் குழந்தை டாரதி குட்டைக்கூட சங்கிலி போட்டுச் சிறையில் அடைத்தார்கள். அவள் அம்மா சாராவைத் தூக்கிலிட்டார்கள்.

இவர்களில் யார் கூம்புத் தொப்பி போட்டிருந்தார்கள்? ஒருவரும் இல்லை. அந்தத் தொப்பிக் கிழவி, கதைப் புத்தகப் படங்களிலிருந்து வந்தவள். சூனியக்காரி என்று யாருமே இல்லாத ஊருக்குச் சூனியக்காரிதான் சின்னம்! சேலம் போலீஸ் சின்னத்திலேயே அவள் துடைப்பத்தில் பறக்கிறாள்.

தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் ஸீவல், 1697-லேயே சர்ச்சில் எழுந்து நின்று பழியை ஏற்றுக்கொண்டார். 1711-ல் பலரைக் குற்றமற்றவர்கள் என்று அறிவித்து, குடும்பங்களுக்கு நஷ்டஈடும் கொடுத்தார்கள். ஆனால், மரண தண்டனை விதிக்கப்பட்டு, தூக்குக்குத் தப்பிய எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயர் எப்படியோ விடுபட்டுப்போனது. மாஸசூஸட்ஸ் சட்டசபை அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது 2022-ல்.

330 வருஷம்! ஸ்பூனில் வெள்ளி எத்தனை பங்கு என்பதைப் பின்பக்கத்து முத்திரை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறது. முன்பக்கத்துப் பொய்யைத் திருத்தத்தான் இத்தனை காலம்.