பொதுக் கேட்பின் வகைகளும் நிலைகளும்

1. வரையறை

ஒரு முடிவை எடுக்குமுன்போ, எடுத்த முடிவைச் சோதிக்கும்போதோ, அம்முடிவால் பாதிக்கப்படுவோரைப் பொது இடத்தில் பேசவைத்து, அவர்கள் சொன்னதைப் பதிந்து, அதற்கு மறுமொழி சொல்லும் நடைமுறையைப் பொதுக் கேட்பு என்கிறோம். சொல், பதிவு, மறுமொழி என்னும் மூன்றும் இதன் உறுப்புகள். மூன்றில் ஒன்று இல்லையானால் அது வெறும் கூட்டம். மக்கள் பேசினார்களா என்பதைவிட, பேசிய சொல் எதுவரை சென்றது என்பதே ஒரு கேட்பை மதிப்பிடும் அளவுகோல் என்பது எமது துணிபு.

2. வகைகள்

மக்களின் சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதைக் கொண்டு கேட்புகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது கருத்துரைக் கேட்பு. இங்கே அதிகாரம் கேட்கக் கடமைப்பட்டது, ஏற்கக் கடமைப்பட்டதன்று. 2003 மின்சாரச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் கருதிப் பார்த்த பின்னரே கட்டண ஆணை பிறப்பிக்க வேண்டும். சுற்றுச்சூழல் முன் அனுமதிக்கான கருத்துக் கேட்பும் இவ்வகையே.

இரண்டாவது கணக்குக் கேட்பு. நடந்து முடிந்த செலவை ஊரார் முன் படித்துச் சரிபார்ப்பது இது. 1994 டிசம்பர் 2 அன்று ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் உள்ள கோட் கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் நடத்திய மக்கள் விசாரணை இதற்கு முன்மாதிரி. அது அரசு கூட்டிய கேட்பன்று, மக்களே கூட்டியது. அந்த இயக்கத்தின் உழைப்பு 2005 தகவல் உரிமைச் சட்டத்துக்கு வழிவகுத்தது. அதே ஆண்டில் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், 17ஆம் பிரிவின் மூலம், சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் பொறுப்பாக்கியது.

மூன்றாவது இசைவுக் கேட்பு. இதில் மறுப்புக்கும் வலிமை உண்டு. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுப்பது குறித்து, வன உரிமைச் சட்டத்தின் வழியில் கிராம சபைகள் தம் உரிமைகளைப் பரிசீலிக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. மலையும் தப்பியது.

3. நிலைகள்

தமிழ்நாட்டில் மக்கள் அடிக்கடி சந்திப்பது சுற்றுச்சூழல் கருத்துக் கேட்பு. ஆகவே அதையே விரிவாகப் பார்ப்போம். 2006 செப்டம்பர் 14 நாளிட்ட நடுவண் அரசின் அறிவிக்கை இதன் ஒழுங்கை வகுக்கிறது.

முதல் நிலை அறிவிப்பு. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பாக நாளேடுகளில் விளம்பரம் வரவேண்டும். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் கிடைக்க வேண்டும். இந்த 30 நாளை 20 ஆகக் குறைக்க 2020ஆம் ஆண்டு வரைவு அறிவிக்கை முனைந்தது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அறிக்கையை உழைத்துப் பிழைக்கும் ஒருவர் படித்தறிய 30 நாளே போதாது என்று நாம் கருதுகிறோம்.

இரண்டாம் நிலை அவை. மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்பார். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் துணையிருப்பார். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க உரிமை உண்டு. குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை விதிக்கப்படவில்லை. இதனால் ஆளில்லாக் கூட்டமும் விதிப்படி முறையான கூட்டமாகிவிடுகிறது.

மூன்றாம் நிலை பதிவு. நடவடிக்கைகள் முழுவதும் காணொளியாகப் பதியப்படும். முடிவில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பை வட்டார மொழியில் அவையோருக்குப் படித்துக் காட்டிய பின்னரே தலைவர் கையெழுத்திட வேண்டும்.

4. பதிவில் நேரும் தேய்வு

சொல் பதிவாகும்போது வலுவிழப்பதைப் ‘பதிவுத் தேய்வு’ எனக் குறிக்கலாம். எடுத்துக்காட்டாக, கடலோர அனல்மின் நிலையம் ஒன்றுக்கான கேட்பில் ஒரு மீனவப் பெண் ஒலிவாங்கியைப் பிடித்து, “சுடுதண்ணிய எத்தன பாகத்துல கொண்டுபோய் விடப் போறீங்க? எங்க வலை அங்கதான கெடக்கும்?” என்று கேட்கிறார் எனக் கொள்வோம். குறிப்பில் அது ‘மீனவர் வாழ்வாதாரம் பாதிக்கப்படும் என்று கவலை தெரிவித்தார்’ என்று ஏறுகிறது. பாகம் என்பது மீனவர் கடலாழத்தை அளக்கும் அளவு. ஆழத்தைப் பற்றிய கேள்வி கவலையாகிவிட்டது. கேள்விக்கு அளவு சொல்லித்தான் பதில் தர முடியும். கவலைக்கோ ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற ஒரு வரி போதும்.

இத்தேய்வுக்குக் காரணங்கள் இரண்டு. பேச்சு வட்டார வழக்கில் இருக்க, குறிப்பு அலுவலக நடையில் எழுதப்படுவது ஒன்று. படித்துக் காட்டும் வேளையில் பேசியவர்களில் பலர் ஊர் திரும்பியிருப்பது மற்றொன்று. பின்னதே பெரிய காரணம் என்பது எம் கணிப்பு. திருத்தச் சொல்ல வேண்டியவர் அங்கே இல்லை.

5. மறுமொழிக் கடப்பாடு

கோவாவின் சுரங்க அனுமதி ஒன்றைப் பற்றிய உத்கர்ஷ் மண்டல் வழக்கில், 2009 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் இக்கடப்பாட்டைத் தெளிவாக்கியது. கேட்பில் எழுந்த ஆட்சேபங்களை, அனுமதிக் கோரிக்கையை ஆராயும் நிபுணர் மதிப்பீட்டுக் குழு பரிசீலித்ததற்கும், அவற்றை ஏற்றதற்கோ மறுத்ததற்கோ உரிய காரணங்களுக்கும் எழுத்து வடிவில் சான்று இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். எனவே கருத்துரைக் கேட்பில் அதிகாரம் மக்களின் சொல்லை மறுக்கலாம். காரணம் கூறாமல் மறுக்க முடியாது.

இக்கடப்பாடு பயன்பட வேண்டுமானால் பதிவு பழுதற்றதாக இருக்க வேண்டும். 2006 அறிவிக்கையில் அதற்கும் இடமுண்டு. ஆனால் அதிகம் பேசப்படுவதில்லை. நடவடிக்கைக் குறிப்பை ஊராட்சி அலுவலகத்தில் பார்வைக்கு வைக்க வேண்டும். வாரியத்தின் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். அதன் மீதான கருத்துகளை எவரும் அனுமதி வழங்கும் அமைப்புக்கு நேரடியாக எழுதலாம். தம் கேள்வி கவலையாக மாறியிருப்பதைக் கண்ட அந்த மீனவப் பெண், காணொளியில் தாம் பேசிய இடத்தைச் சுட்டி, கேட்ட சொற்களையே மீண்டும் எழுதி அனுப்பலாம்.