சான்றுகளைச் சேர்த்து எண்ணும் முறை

சங்கரன்கோவில் தலவரலாற்றை நெல்லைச் சீமையில் அறியாதார் இலர். சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர், சிவனே பெரியவர் என்றும் திருமாலே பெரியவர் என்றும் வாதிட்டனர். கோமதியம்மையின் தவத்திற்கு இரங்கிய இறைவன், ஒருபாதி சிவனாகவும் ஒருபாதி திருமாலாகவும் சங்கரநாராயணராய்க் காட்சியளித்தான் என்பர். மருத்துவ ஆராய்ச்சியிலும் இத்தகைய வழக்கு எழுவதுண்டு. ஓர் ஆய்வு பயன் உண்டென்னும், மற்றொன்று இல்லையென்னும். முடிவு காண்பது எங்ஙனம்?

இதற்கு ஒரு வழி வகுத்தவர் தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். 1761இல் அவர் மறைந்தபின், அவருடைய கட்டுரையை நண்பர் ரிச்சர்டு பிரைஸ் 1763இல் வெளிக்கொணர்ந்தார். பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் அக்கருத்தைப் பெரிதும் வளர்த்தார். முன்னர் அறிந்ததை ஒரு மதிப்பாகக் கொண்டு, புதிய சான்றின் வலிமைக்கேற்ப அம்மதிப்பைத் திருத்துவதே அம்முறை. வணிகர் நேற்றைய இருப்பை இன்றைய கணக்கின் தலைப்பில் எழுதுவதைப் போல, திருத்திய மதிப்பே அடுத்த சான்றுக்கு முதலாகும்.

காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1950இல் பிரிட்டனில் தொடங்கிய ஆய்வில், பள்ளிப் படிப்பை முடிக்கும் பருவத்தினரிடையே அது நான்கில் மூன்று பங்கு நோயைத் தடுத்தது. அமெரிக்காவின் தென்பகுதியிலோ பயன் மிகச் சிறிதாகவே இருந்தது. நம் நாட்டின் நிலை யாது? அதனை அறிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன், 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் மாபெரும் சோதனையைத் தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோர் அதிற் பங்குகொண்டனர். ஒரு சாராருக்குத் தடுப்பூசி. மற்றவர்க்கு மருந்தற்ற ஊசி. 1979இல் முடிவு வெளியாயிற்று. நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை! அறிஞர் உலகம் திகைத்தது.

அங்ஙனமாயின் பிரிட்டனின் முடிவு பொய்யோ? அன்று. 1994இல் கோல்டிட்சு என்பாரும் அவர்தம் குழுவினரும் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்தனர். சராசரியாக நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆயினும் பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கப் பயன் குறைவதும் புலனாயிற்று. வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் வாழும் காசக்கிருமியின் உறவுக்கிருமிகள் இதற்குக் காரணமாகலாம் என்பது ஒரு கருத்து. பின்னர் அப்புள்ளிவிவரங்களைப் பேய்ஸ் முறையிலும் ஆராய்ந்தனர். ஒவ்வோர் ஆய்வும் மற்றவற்றோடு உறவுடையது. எனினும் தனக்கென ஓர் உண்மையும் உடையது என்பதே அங்கே அடிப்படை. சங்கரநாராயணர் திருமேனி ஒன்றாயினும் இரு பாதியும் தத்தம் அடையாளத்தை இழப்பதில்லையன்றோ?

ஆகவே, ‘பாதி பயன்’ என்னும் சராசரியைச் சங்கரன்கோவிலில் வாழும் ஒருவருக்கு அப்படியே பொருத்தலாகாது. அவருக்குப் பிரிட்டனைவிடச் செங்கற்பட்டே அண்மைச் சான்று. தடுப்பூசி வீணென்று கொள்வதும் தவறு. குழந்தைகளின் மூளைச்சவ்வுக் காசநோய் போன்ற கொடிய வகைகளை அது தடுக்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகளில் வலிய சான்று உண்டு. அதனாலன்றோ நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கு இன்றும் அத்தடுப்பூசி இடப்படுகிறது!

மாணவ நண்பர்களே, ஆய்வொன்றின் முடிவைக் கேட்கும்போது மூன்று கேள்விகளை எழுப்புங்கள். முன்பு அறிந்தது யாது? புதிய சான்றின் வலிமை எத்துணை? அது எவரிடத்து, எந்த மண்ணிற் பெறப்பட்டது? இம்மூன்றையும் சீர்தூக்கிய பின்னரே முடிவு கொள்ளுதல் வேண்டும்.