ஏடு, சுவடி, நாடா



போன வாரம் பீரோவை ஒழித்தபோது ஒரு பழைய பிளாப்பி கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பையன், "இது என்ன தாத்தா?" என்றான். "தமிழில் நெகிழ்வட்டு" என்றேன். பெயர் இருக்கிறது. படிக்கத்தான் கருவி இல்லை. அன்று முதல் இந்தப் பெயர்களைப் பற்றியே நினைப்பு.

ஓலைக்கு நம் முன்னோர் எத்தனை பெயர் வைத்திருந்தார்கள்! ஒற்றை ஓலை ஏடு. ஏடுகள் சேர்ந்தால் சுவடி. ஒரு துளையில் செருகும் கம்பி அல்லது குச்சி நாராசம். மற்றத் துளையில் கோத்த கயிறு உருவி வராமல் முனையில் முடியும் ஓலைத் துண்டு கிளிமூக்கு. சுவடிகளைச் சேர்த்து வைத்த இடம் பண்டாரம். தஞ்சை சரசுவதி மகாலுக்கும் சரசுவதி பண்டாரம் என்ற பெயர் உண்டு.

கணினிக்காரர்களும் இதே வழியில்தான் வந்தார்கள். 1974இல் ஐ.பி.எம். நிறுவனம் 3850 என்ற சேமிப்பு இயந்திரத்தை அறிவித்தது. தேன்கூடு போன்ற அறைகள். அறைக்கு ஒரு உருளைப் பேழை. அதற்குள் காந்த நாடா. ஒரு பேழையில் 50 மெகாபைட், அதாவது 1.44 மெகாபைட் பிளாப்பி ஏறக்குறைய 35. கேட்ட பேழையை இயந்திரமே எடுத்து வரும், படித்ததும் திரும்ப வைக்கும். நூலகர் வேலையை இயந்திரம் செய்வதால் இப்படிப்பட்டவற்றுக்கு 'டேப் லைப்ரரி' என்று பெயர். நாம் நாடா நூலகம் எனலாம்.

இன்றும் பெரிய நிறுவனங்கள் நாடாவைக் கைவிடவில்லை. 2000இல் வந்த எல்.டி.ஓ. நாடாவில் 100 ஜிகாபைட். 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறையில் 18 டெராபைட். ஆனால் ஒன்பதாம் தலைமுறைக் கருவி முதல் தலைமுறை நாடாவைப் படிக்காது. நாடா நன்றாக இருந்தாலும், காலத்தில் புதியதற்கு மாற்றாவிட்டால் உள்ளே இருப்பது போனதுதான்.

ஓலைக்கும் இதே விதி. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடி தேடிப் போன உ.வே.சா., அவை நெருப்பில் இடப்பட்டதை அறிந்து நொந்ததைத் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். சிதைந்த ஏட்டைப் படியெடுத்துவிட்டுப் பழையதைத் தீயில் இடுவதுதான் பழைய வழக்கமாம். பின்னால் வந்தவர்கள் படியெடுப்பதை மறந்தார்கள். தீயை மட்டும் மறக்கவில்லை.

நான் அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2001இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பாட்டிமார்களிடம் கேட்டு நடவுப் பாட்டும் ஒப்பாரியும் நோட்டுகளில் எழுதி வந்தீர்கள், நினைவிருக்கிறதா? அதைக் கணினியில் அடித்து இந்தப் பிளாப்பியில் போட்டோம். "கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே" என்று நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டவன் நான்தான். படியெடுத்தேன், ஒரே ஒரு படி. போன வாரம் ஒருவரிடம் கருவி தேடிப் பிடித்துப் போட்டுப் பார்த்தோம். திறக்கவில்லை. பாடிய பாட்டிகளில் பலர் இன்று இல்லை.

உங்களில் யாரிடமாவது அந்த நோட்டின் ஒரு பக்கமாவது இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். நினைவில் நாலு வரி இருந்தாலும் போதும், எழுதுங்கள். இந்தமுறை தாளிலும் எழுதி வைக்கிறேன், பத்துப் பேருக்கும் அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்