எலிப்புழுக்கை அகற்றல்

எலிப்புழுக்கை அகற்றல் என்பது வீடு, கிடங்கு, தொழுவம் முதலிய இடங்களில் எலிகளும் சுண்டெலிகளும் விட்டுச்செல்லும் புழுக்கை, சிறுநீர், கூடு ஆகியவற்றை நோய் தொற்றாத வகையில் துப்புரவு செய்யும் முறை ஆகும். உலர்ந்த புழுக்கையைப் பெருக்கும்போது எழும் தூசியுடன் நோய்க்கிருமிகள் மூச்சுவழியே உடலுக்குள் செல்லக்கூடும். எனவே, அகற்றும் முன் நனைத்தல் என்பதே இம்முறையின் அடிப்படை விதி ஆகும்.

கொங்குநாட்டுச் சூழல்

கோயம்புத்தூர் மாவட்டத்தின் சூலூர், அதை அடுத்த பல்லடம் ஆகிய வட்டாரங்களில் கோழிப்பண்ணைகளும் விசைத்தறிக் கூடங்களும் தென்னந்தோப்புகளும் மிகுதி. மக்காச்சோளம், சோளத்தட்டு, புண்ணாக்கு, கோழித்தீவனம் ஆகியவை சேமிக்கப்படும் இடங்கள் எலிகளுக்கு உணவும் மறைவிடமும் தருகின்றன. வீட்டுச் சுண்டெலி, வீட்டெலி, பெருச்சாளி ஆகியவை இங்குக் காணப்படுகின்றன. அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் தோட்டத்துச் சாளைகளுக்குள் வருவதும் உண்டு. சுண்டெலியின் புழுக்கை 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளமும் கூரிய முனைகளும் உடையது. வீட்டெலியின் புழுக்கை ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளம் இருக்கும்.

பரவும் நோய்கள்

எலிக் காய்ச்சல்: லெப்டோஸ்பைரா எனும் பாக்டீரியாவால் ஏற்படுவது. எலியின் சிறுநீர் கலந்த நீர் அல்லது ஈரமண் வழியாக, தோலிலுள்ள காயங்கள், கண், வாய் ஆகியவற்றின் ஊடாகத் தொற்றுகிறது. சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படலாம்.

ஹண்டா தீநுண்மம் (வைரசு): உலர்ந்த கழிவின் தூசியை மூச்சில் இழுப்பதால் தொற்றுகிறது. 1993இல் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் மான் சுண்டெலி வழியே பரவிய இவ்வகை நோய் நுரையீரலைத் தாக்கிப் பலரைக் கொன்றது. தமிழகத்தில், வேலூர் தோட்டப்பாளையத்தில் 1964இல் பிடிக்கப்பட்ட மூஞ்சூறு ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட தீநுண்மம் பின்னர் ஹண்டா வகையினது என அறியப்பட்டு, அவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது. இது மனிதருக்கு நோய் உண்டாக்குவதாக நிறுவப்படவில்லை. மூஞ்சூறு எலி இனத்தைச் சேர்ந்ததும் அன்று.

சால்மொனெல்லா: புழுக்கை விழுந்த உணவை உண்பதால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாகும்.

பிளேக்: இது புழுக்கையால் அன்றி, எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியால் பரவுவது. எலி இறந்ததும் தெள்ளுகள் வேறு உயிரை நாடும். எலிக்கும் மனிதருக்கும் இடையே நோயைக் கடத்துவது தெள்ளுப்பூச்சி என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன் 1898இல் கராச்சியில் கண்டறிந்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூரைப் பிளேக் பலமுறை தாக்கியது. அங்குள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் அதன் நினைவைத் தாங்கி நிற்கின்றன.

துப்புரவு முறை

1. கதவு, சன்னல்களைத் திறந்து 30 நிமிடங்கள் காற்றோட்டம் விட வேண்டும். அந்நேரத்தில் உள்ளே இருத்தல் கூடாது.
2. ரப்பர் கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும்.
3. 5 விழுக்காட்டுச் சோடியம் ஹைப்போகுளோரைட்டுத் திரவம் 1 பங்குடன் நீர் 9 பங்கு கலக்க வேண்டும். 33 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடராயின் 1 லிட்டர் நீருக்கு 15 கிராம் போதும். கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும்.
4. புழுக்கையும் கூடும் நன்கு நனையுமாறு கரைசலைத் தெளித்து, குறைந்தது 5 நிமிடங்கள் ஊற விட வேண்டும்.
5. பழந்துணி அல்லது தாளால் வழித்தெடுத்து, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் ஒன்றனுள் ஒன்றாக இட்டுக் கட்ட வேண்டும். செத்த எலியையும் இவ்வாறே நனைத்து அகற்றலாம்.
6. தரையை அதே கரைசலால் துடைத்து, கையுறையைக் கழுவிக் கழற்றியபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

உலர்ந்த புழுக்கையைச் சீமாற்றால் பெருக்குவதும் தூசியுறிஞ்சியால் இழுப்பதும் கிருமிகளைக் காற்றில் பரப்பும். குளோரின் கரைசலுடன் கழிப்பறை கழுவும் அமிலத்தைக் கலந்தால் நச்சு வளிமம் உண்டாகும். புழுக்கை கலந்த தானியத்தைப் புடைத்து உணவாக்குதல் கூடாது. துப்புரவு செய்தபின் 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளிகளை அடைக்காவிடில் சுண்டெலிகள் மீண்டும் நுழையும்.

மருத்துவ உதவி

எலிக் காய்ச்சலின் அறிகுறிகள் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில், சிலருக்கு ஒரு மாதம் வரை கழித்தும் தோன்றும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், மஞ்சள் காமாலை ஆகியவை இதன் அறிகுறிகள். தொடக்கத்தில் இது டெங்குக் காய்ச்சலைப் போலத் தோன்றுவதால், எலி நடமாடிய இடத்தில் வேலை செய்ததை மருத்துவரிடம் தெரிவிப்பது இன்றியமையாதது. டாக்சிசைக்கிளின், பெனிசிலின் முதலிய மருந்துகள் தொடக்கத்திலேயே தரப்படின் நல்ல பயன் அளிக்கின்றன.